தம்பியோடு பார்க்க வைத்திருந்த ஆட்டம்

பலேர்மோவில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்போலைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருக்கும் தமிழன் என்னைத் தவிர வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் எங்கள் ஆட்கள் கிரிக்கெட் கதைப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்த ஊர் அணியின் இளஞ்சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு தமிழும் இத்தாலியனும் கலந்து சண்டை பிடிப்பார்கள். ஒருமுறை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என்னிடம், "அமெரிக்காவிலை படிக்கிற பெடியள் விளையாடுறதை நீங்கள் ஏன் அண்ணை பாக்கிறியள்?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார்.

அந்தப் பழக்கம் தம்பியிடமிருந்து வந்தது. நான் இத்தாலிக்கு வந்து சில வருடங்களுக்குப் பிறகு அவன் அமெரிக்கா போனான். சுற்றிலும் சோளக் காடு, நடுவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம், அதற்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் நிலையம். அங்கேதான் அவனுக்கு வேலை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அந்த ஊர் முழுவதும் சிவப்புச் சட்டை போடுமாம். முதல் இலையுதிர்காலத்தில் அவன் கடை வாசலில் நின்று எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பினான். கிழவிகள்கூட முகத்தில் சிவப்புப் பூசியிருந்தார்கள். "அண்ணை, இதை நீ ஒருக்காப் பார். விளங்கினால் விடமாட்டாய்" என்றான்.

எனக்கு சனிக்கிழமைகள் வெறுமையாகக் கிடந்தன. வயதான ஒரு சின்யோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் சமையலும் துப்புரவும் என் வேலை. சனி மத்தியானத்தோடு வார வேலை முடிந்துவிடும். அதன் பிறகு ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் என் அறைக்கு வந்தால் திங்கட்கிழமை வரை என்னோடு கதைக்க ஆள் கிடையாது. நான் கல்யாணம் கட்டவில்லை. கூட இருந்த நண்பர்கள் இத்தாலியன் பாஸ்போர்ட் கிடைத்ததும் ஒவ்வொருவராக லண்டனுக்குப் போய்விட்டார்கள். அங்கே மத்தியானம் தொடங்கும் ஆட்டம் இங்கே விளக்கேற்றும் நேரத்துக்கு வரும். நான் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். முதல் மூன்று ஆட்டங்களில் ஒன்றுமே விளங்கவில்லை. தலைக்கவசம் போட்ட பெரிய பெரிய பெடியன்கள் மோதி விழுந்து எழும்பினார்கள். நாலாவது ஆட்டத்தில் விளங்கிவிட்டது. பத்து யார் தூரம் முன்னேற நாலு முயற்சி தருவார்கள். மூன்றும் சரிவராவிட்டால், நாலாவதில் துணிந்து ஓடலாம், அல்லது பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடலாம். எந்தக் கோச் எதைச் செய்வான் என்பதில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன்.

எங்கள் சிவப்பு அணியின் கோச் உதைப்பவர். எப்போதும் உதைப்பார். அரை யார் தூரம்தான் மிச்சம் இருந்தாலும் உதைப்பார். பயத்துக்குக் கோட்டும் சூட்டும் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் தம்பிக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அவன் சும்மா விடவில்லை. "உனக்கென்ன அண்ணை, நீ கட்டிலிலை இருந்து பாக்கிறாய். தோத்தால் ஆளின்ரை வேலை போயிடும்" என்று திருப்பி அனுப்பினான். அன்றிலிருந்து எங்களுக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைத்தது.

அதற்கு முன்னர் எங்களால் கதைக்க முடிந்ததில்லை. அம்மா செத்தபோது அவனாலும் ஊருக்குப் போக முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. இரண்டு பேருக்கும் அந்த நேரம் விசாக் கடதாசி சரியாக இல்லை. அதன் பிறகு போன் எடுத்தால் "சாப்பிட்டியோ", "குளிரோ" என்பதோடு முடிந்துவிடும். ஆனால் ஆட்டத்தைப் பற்றி என்றால் அவன் விடாமல் கதைப்பான். இலையுதிர்காலம் முடிந்ததும் பாஸ்கட்போல் தொடங்கும். அப்போது இன்னும் மோசம். பிழை விட்ட பெடியனை உடனே வெளியே இழுத்து, கமராவுக்கு முன்னால் அவனுடைய முகத்துக்கு நேரே கத்தும் கோச்மாரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. பத்தொன்பது வயதுப் பிள்ளை அவன், பிழையோடு விளையாட விட்டால்தான் பிழை போகும் என்பது என் கட்சி. தம்பியோ, "கத்தாமல் ஆர் அண்ணை திருந்தினது? எங்கடை ஸ்கூலிலை எங்களுக்கு அடிச்செல்லோ பழக்கினவை" என்பான். நான் பஸ்ஸில் நின்றபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவனுக்குப் பதில் சொல்வேன். பக்கத்து ஆட்கள் நான் யாரோடோ பெரிய குடும்பச் சண்டை பிடிப்பதாக நினைத்திருப்பார்கள்.

ஆட்டக்காரர்கள் வருடத்துக்கு வருடம் பல்கலைக்கழகம் மாறலாம், காசும் வாங்கலாம் என்று புது விதி வந்தபோதுதான் எங்களுடைய பெரிய சண்டை நடந்தது. ஒரு வருடம் நாங்கள் தலையில் தூக்கிவைத்த குவாட்டர்பேக், பந்தை எறியும் அந்தத் தலைமை ஆட்டக்காரன், அடுத்த வருடம் எதிரணியின் சட்டையில் வந்து நின்றான். தம்பிக்குத் தாங்கவில்லை. "இதென்ன, நன்றி எண்டு ஒண்டு இல்லையோ?" என்றான். நான் பெடியனின் பக்கம். நானும், கூடின சம்பளம் தருவதாகச் சொன்னதும், ஒரு சின்யோராவை விட்டு இன்னொரு சின்யோராவிடம் போனவன்தான். வேலை செய்கிறவன் நல்ல இடம் பார்த்துப் போவதை நன்றிகெட்டதனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதை அவனுக்குச் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "சரி அண்ணை, நீ சொல்றதும் சரிதான்" என்றான்.

அதன் பிறகு அவன் அடிக்கடி அப்படிச் சொல்லத் தொடங்கினான். நான் நீளமாக ஒரு செய்தி அனுப்புவேன். அவனிடமிருந்து "ஓம் ஓம், சரியாச் சொன்னாய்" என்று வரும். உதைக்கிற கோச்சைப் பற்றி நான் சொன்னாலும் ஓம். கத்துகிற கோச்சைப் பற்றி நான் சொன்னாலும் ஓம். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு என் நியாயம் விளங்குகிறது என்று நான் நினைத்தேன். வென்றுகொண்டிருக்கிறேன் என்ற சந்தோஷம்கூட இருந்தது.

போன இலையுதிர்காலத்தில் அவனும் மனைவியும் கப்பல் சுற்றுலா வந்தார்கள். பலேர்மோ துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் கப்பல் நிற்கும் என்றான். அவனை நேரில் கண்டு பதினைந்து வருடத்துக்கு மேல். அவன் வந்தது வியாழக்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் அணிக்கு அந்த வருடத்தின் பெரிய ஆட்டம். நான் அதைப் பார்க்கவில்லை. அவனோடு சேர்ந்து பார்க்க என்று வைத்திருந்தேன். முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அந்தக் கிழமை முழுவதும் போனில் விளையாட்டுச் செய்தி எதையும் திறக்கவில்லை. அவனுக்கும், "அந்த ஆட்டத்தைப் பற்றி ஒண்டும் சொல்லிப்போடாதை" என்று மட்டும் அனுப்பினேன். "சொல்லமாட்டன்" என்று பதில் வந்தது.

சின்யோரா லீவு தந்தார், தம்பிக்கென்று ஒரு பெட்டி பாதாம் இனிப்பும் தந்தார். துறைமுகத்து வாசலில் அவன் வந்தபோது முதலில் அப்பா வருகிறார் என்று நினைத்தேன். அப்படி நரைத்திருந்தான். கட்டிப்பிடித்தோம். அவனுடைய மனைவி மொன்றியாலே கோயில் பார்க்கும் பஸ்ஸுக்குப் போக நின்றாள். "அத்தான், இவரை நல்லா நடக்க வையுங்கோ. கப்பலிலை சாப்பிட்டுச் சாப்பிட்டு ஊதிப்போனார்" என்றாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் தனியாக விட்டுவிட்டுப் போனாள். வேண்டுமென்றேதான் போனாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அறைக்கு நடந்தே வந்தோம். கணவாய்க் கறியும் சோறும் சமைத்து வைத்திருந்தேன். அவன் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். அறையைச் சுற்றிப் பார்த்தான். "ஒரு ஜன்னல்தானோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். பிறகு கம்ப்யூட்டரைக் கதிரையில் தூக்கி வைத்துவிட்டு, இரண்டு பேரும் கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருந்தோம். ஆட்டம் தொடங்கியது. அரங்கம் முழுவதும் சிவப்பு.

கொஞ்ச நேரம் போனதும் அவன், "எங்கடை எறிகிற பெடியன் ஆர், அந்த நெட்டையனோ?" என்று கேட்டான்.

நான் பகிடி என்று நினைத்தேன். "நெட்டையன் போய் ஒரு வருஷமாச்சு. இவன் புதுசு. போன மாசம் இவனைப் பற்றி எவ்வளவு கதைச்சனாங்கள்?"

"ஓ" என்றான். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆட்டத்தை நிறுத்தினேன்.

"நீ இப்ப பாக்கிறேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"எப்ப தொடக்கம்?"

"ரண்டு வருஷம் இருக்கும்."

"அப்ப நீ எனக்கு அனுப்பின வொய்ஸ் எல்லாம்?"

"ஸ்கோரைப் பாத்திட்டுச் சொல்லுறது. சில நேரம் அதுவும் இல்லை. நீ சொல்லுறதைக் கேட்டிட்டு ஓம் எண்டுறது."

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் நின்று கத்திக் கத்தி அனுப்பியதெல்லாம் நினைவுக்கு வந்தது. "ஏன் விட்டனீ?" என்று கேட்டேன்.

அந்த ஊரில் இப்போது இல்லை என்றான். பெற்றோல் நிலையத்தை வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்களாம். வேலை போய்விட்டது. மனைவியின் சொந்தக்காரர் இருக்கும் வேறொரு மாநிலத்துக்குப் போய், பெட்டிகள் ஏற்றி இறக்கும் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்கிறானாம். அங்கே யாரும் சிவப்புச் சட்டை போடுவதில்லை. விட்டு வந்த ஊரின் ஆட்டத்தைப் பார்க்க மனம் வராமல் நிறுத்திவிட்டானாம்.

"இதெல்லாம் எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை" என்றான். பிறகு அப்படிச் சொன்னது கடுமையாகிவிட்டதோ என்று நினைத்தான் போல, என் முழங்கையைத் தொட்டான். "அண்ணை, நீ வேறை ஒண்டும் கதைக்கிறேல்லை. நான் பாக்கிறேல்லை எண்டு சொன்னால் பிறகு நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது? அதுதான் சொல்லேல்லை."

கீழே தெருவில் யாரோ வண்டியில் மரக்கறி விற்றுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெரு முனை வரை போய் மறைந்தது. அவன்தான் கடைசியில், "போடு, பாப்பம். நீ இதுக்கெண்டு வைச்சிருந்தனீ எல்லோ?" என்றான்.

போட்டேன். அவன் உண்மையாகவே பார்க்க முயன்றான். யார் எந்தப் பக்கம் என்று கேட்டான். நான் சொன்னேன். இரண்டாம் பாதியில் அவனுக்குக் கண் சொருகியது. தலை சுவரில் இருந்து நழுவி என் தோளுக்கு வந்தது. ஒரு முக்கியமான இடத்தில், நாலாவது முயற்சியில், கோச் பந்தை உதைக்கச் சொன்னார். கத்த வேண்டிய இடம். தம்பி நித்திரை என்றபடியால் நான் கத்தவில்லை. எங்கள் அணி தோற்றது. அவனை எழுப்பாமல் அப்படியே இருந்தேன். அவ்வளவு கிட்ட அவன் படுத்தது, நாங்கள் ஒரே பாயில் படுத்த காலத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

நேரம் ஆனதும் எழுப்பித் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுடைய மனைவி வந்து நின்றாள். இனிப்புப் பெட்டியை அவளிடம் கொடுத்தேன். "கோல் பண்ணு அண்ணை" என்றான். "என்னத்தை எண்டாலும் கதை." ஓம் என்றேன். கப்பல் புறப்படும்வரை நான் நிற்கவில்லை. அது அவ்வளவு பெரிய கப்பல், எந்த ஜன்னலில் அவன் நிற்கிறான் என்று தெரியப் போவதில்லை.

பிறகு வந்த சனிக்கிழமை வழக்கம்போல ஆட்டம் பார்த்தேன். புதிய குவாட்டர்பேக்கைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் வந்தது. அவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிக நேரம் யோசிக்கிறான். பந்து பிடிக்க ஓடுகிறவர்களில் மூன்றாவது ஆளைத் தேடாமல் இரண்டாவது ஆளுக்கு எறியப் பழக வேண்டும். அதைச் சொல்லப் போனை எடுத்தேன். எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். அவன் கேட்பான், ஓம் என்பான். அந்த ஓம் எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு கதைக்கிறேன். அந்தக் களஞ்சியத்தில் அவனுக்கு மேலே இருப்பவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். நல்ல மனிதராம், கத்த மாட்டாராம். சின்யோராவுக்கு மறதி கூடிவருவதைச் சொன்னேன். ஒருமுறை அம்மாவைப் பற்றித் தொடங்கினோம். இரண்டு வசனத்தில் நின்றுவிட்டது. கதைக்க ஒன்றும் இல்லாமல் போகும் இடங்கள் நிறைய. அப்போது அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பான். அங்கே அவன் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். நான் இங்கே போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருப்பேன். பாஸ்கட்போல் பருவமும் தொடங்கிவிட்டது. ஆட்டங்களைத் தனியாகத்தான் பார்க்கிறேன்.