அம்மா நீந்துவதை நிறுத்திய சித்திரை

அம்மா தரையிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்கால்களில் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்கும். சென்ற மாதம் விருதுநகரில் எலும்பு மருத்துவர் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டில், தேதிக்கும் மாத்திரைகளுக்கும் கீழே, 'நீச்சல் – வாரம் மூன்று நாள்' என்று இருக்கிறது. மூட்டுக்குப் பாரம் தராத உடற்பயிற்சி அதுதான் என்று விளக்கிவிட்டு, "நீச்சல் தெரியுமாம்மா?" என்று அவர் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "தெரியாதுங்க" என்றார்.

அம்மாவைப் போல நீந்திய இன்னொரு பெண்ணை நான் பார்த்ததில்லை. எனக்கு நீச்சல் பழக்கியதும் அவர்தான். என் இடுப்பில் பழைய சேலையைக் கட்டி, மறுமுனையைப் பிடித்தபடி படியில் நின்று, நான் முங்கும்போதெல்லாம் ஒரு சுண்டு சுண்டித் தூக்குவார்.

அது எங்கள் ஊரான ஆமத்தூருக்கு வெளியே, எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு தோட்டத்துக் கிணறு. அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை. காலையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் மாலையில்தான் கால் நீளும். அதற்குள் 'வெள்ளிப் பவுடர்' என்று அவர்கள் சொன்ன அலுமினியத் தூள் முழங்கை வரை ஏறியிருக்கும். அந்தக் கோலத்தில் எந்தப் பெண்ணும் வீட்டுக்குள் நுழையமாட்டாள். வேனிலிருந்து இறங்கியதும் நேரே தோட்டத்துக்குப் போய், பம்புசெட் தொட்டியில் குளித்து, ஈரச் சேலையோடுதான் ஊருக்குள் வருவார்கள். அம்மா மட்டும் தொட்டியில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அதன் பிறகு கிணற்றில் இறங்குவார். சுவரிலிருந்து சுவருக்கு, அவசரமில்லாமல், கால்களை நன்றாக நீட்டி உதைத்து நீந்துவார். "காலு ரெண்டும் இப்பத்தான் எனக்குச் சொந்தமாகுது" என்பார்.

கூட வேலை பார்த்த மாரியம்மாள் அத்தை மேலே நின்று சத்தம் போடும்: "ஏலா பேச்சி, கெணத்துக்குள்ள குடும்பமா நடத்துற? ஏறி வா, இருட்டப் போகுது."

"நீ போயி உலை வையி. நான் உன் வீட்டுலயே சாப்பிட்டுக்கிறேன்" என்று கீழிருந்து பதில் வரும்.

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் காலண்டர்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. நாளும் கிழமையும் சரியாக இல்லாவிட்டால் எனக்கு எதுவும் நடந்ததாகவே படாது. ஆகவே இதைக் குறித்துக்கொள்கிறேன். நான் ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதி முடித்திருந்த சித்திரை. அம்மா கடைசியாக நீந்தியது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் மாலையில் பெண்களின் கைகளில் சனிக்கிழமைச் சம்பளத்தில் வாங்கிய சேவுப் பொட்டலங்கள் இருந்தன என்பதால் கிழமையில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் வெம்பக்கோட்டையில் சித்தி வீட்டில் இருந்தேன். அங்கே மாலையில் நல்ல மழை. சனிக்கிழமை ஊர் திரும்பி, அம்மாவைப் பார்க்க நேரே தோட்டத்துக்குப் போனேன். வரப்பில் வெள்ளிப் பவுடரைக் கொட்டிவைத்திருக்கிறார்கள் என்றுதான் தூரத்திலிருந்து நினைத்தேன். கிட்டே போனால், கிணற்றில் வளர்த்த கெண்டைகள், வெள்ளை வயிறு தெரிய, குவியலாகக் கிடந்தன. காலையில் எல்லாம் செத்து மிதந்தனவாம்.

தோட்டத்துக்காரர் கோபப்படாமல்தான் பேசினார். "தொட்டியில குளிச்சுக்கோங்க, நான் வேணாங்கல. கெணத்துக்குள்ள எறங்குனது ஒரு ஆளுதான். மருந்து தண்ணியில கலந்தா மீன் என்னத்துக்கு ஆகும்?"

"நேத்து நான் மருந்தையே தொடல மொதலாளி" என்றார் அம்மா. "காலையிலயே வானம் மூடிருச்சு. போர்மேன் மருந்து ரூமத் தெறக்கவே விடல. நாள் பூரா லேபிள்தான் ஒட்டுனேன்."

இடி மின்னலுக்கு அறிகுறி தெரிந்தால் மருந்தைத் தொடக்கூடாது என்பது கம்பெனிகளில் எல்லோருக்கும் தெரிந்த விதி. தோட்டத்துக்காரருக்கும் தெரியும்.

"நேத்து தொடலன்னா முந்தாநாள் தொட்டிருப்ப. உடம்புல ஊறுனது எங்கன போகும்?"

அம்மா மேலும் பேச வாயெடுத்தபோது மாரியம்மாள் அத்தை கையைப் பிடித்துக்கொண்டது. "விட்டுரு பேச்சி. தொட்டித் தண்ணியும் போச்சுன்னா இம்புட்டுப் பேரும் எங்கன போயிக் குளிப்போம்?" அம்மா எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தொட்டிக்குப் போய், முழங்கைகளைத் தேய்க்கத் தொடங்கினார். தோல் சிவந்த பிறகும் நிறுத்தவில்லை. தோட்டத்துக்காரரின் பிள்ளைகள் அந்தக் கோடை முழுவதும் அதே கிணற்றில் குதித்து விளையாடினார்கள்.

வெகுகாலம் கழித்து, மீன் வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றில், கோடையில் சூடேறிய நீர்நிலையில் திடீரென்று மழை பெய்தால் அடித்தண்ணீர் மேலே கலங்கி, மூச்சுக் கிடைக்காமல் மீன்கள் ஒரே இரவில் மொத்தமாகச் சாகலாம் என்று படித்தேன். அன்றிலிருந்து அந்த மழையைத் தேடுகிறேன். வெம்பக்கோட்டையில் பெய்ததற்கு நானே சாட்சி. எங்கள் தெருவில் பெய்யவில்லையாம். ஆனால் இங்கே கோடை மழை ரோட்டுக்கு ஒரு பக்கம் பெய்து மறு பக்கத்தைக் காயவிட்டுப் போவது புதிதல்ல. அம்மாவிடம் கேட்டால், "நான் தண்ணிக்குள்ள கெடந்தேன். மேல தூறுனா எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார். அவர் கரையேறி வந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆளில்லை. தோட்டத்துக்காரரும் மாரியம்மாள் அத்தையும் இறந்துவிட்டார்கள். கிணற்றைத் தூர்த்து லாரி நிறுத்துகிறார்கள். எந்த அலுவலகத்தில் கேட்டும், அந்த ஆண்டின் மழைக் கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

நகரில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்குத் தனி நேரம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வாசல் வரை கூட்டிப் போனேன். கம்பி வழியாகத் தெரிந்த நீலத் தண்ணீரையும், அதில் கூத்தடித்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகளையும் அம்மா நெடுநேரம் பார்த்தார். கம்பெனி வேலையை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. முந்தானையை இழுத்து முழங்கைகளை மூடிக்கொண்டார்.

"பிள்ளைக குளிக்கிற தண்ணி தாயி" என்றார். "என்னால அதுகளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அந்த வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தோட்டத்தின் மேல் மழை பெய்ததா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதிப்படவில்லை.