டிராஃப்டும் கவுன்சிலிங்கும்

பாப்பா, தம்பி, இதை ரெண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். தம்பி பக்கத்து அறையில்தான் இருக்கிறான். ஆனால் அவன் எழுத்துக் கூட்டித் தமிழ் படித்து முடிப்பதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும். அதனால் பாப்பா, நீ நியூ ஜெர்சியிலிருந்து போனில் அவனுக்குப் படித்துக் காட்டு. நடுவில் சண்டை போடாதீர்கள்.

போன வாரம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் டிராஃப்ட் பற்றி நீங்கள் அடித்துக்கொண்டதைப் படித்து நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது பாப்பா, நீ ஒரு வரி போட்டாய். "அந்த வருஷம் அம்மா தனியா இருந்தது என்னாலதானே" என்று. போட்ட வேகத்தில் அழித்தும் விட்டாய். அம்மா பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷமாக அது உன் மனசில் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நேரில் பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நாம் டெக்சஸில், இர்விங்கில் இருந்தபோது, மார்ச் மாதம் பிறந்தாலே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அடுப்படியில் கச்சேரி ஆரம்பித்துவிடும். காலேஜில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடி முடித்த பையன்களில் யாரை நம் ஊர் டீம் டிராஃப்டில் எடுக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. நான் வேலை பார்த்த கடையில் எனக்கு அன்று லீவு என்பதால் தோசை ஊற்றுவது நான். நல்ல காரணம் சொல்கிறவருக்குத்தான் அடுத்த தோசை என்பது நம் வீட்டுச் சட்டம். நடுவர் அம்மா. தீர்ப்பு சொல்லுகிற சாக்கில் முறுகலான தோசையெல்லாம் நடுவருக்கே போய்விடும்.

பாப்பா எப்போதும் லைன்மேன் கட்சி. பந்தையே தொடாமல், பந்து வீசுகிறவனுக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிறார்களே, அந்தப் பெரிய உடம்புக்காரர்கள். "அவன் நின்னாதான் அப்பா மத்தவங்க ஆட முடியும்" என்பாய். தம்பி ரிசீவர் கட்சி. தூரத்தில் விழுகிற பந்தை ஓடிப்போய்ப் பறந்து பிடிக்கிறவன்தான் அவனுக்கு ஆள். வீடியோவைப் போட்டுப் போட்டுக் காட்டுவான். "லுக் அப்பா, ஒன் ஹேண்ட்! ஒரே கை!" என்று அவன் குதித்துக் காட்டியதில் கீழ் வீட்டு ஆன்ட்டி இரண்டு முறை மேலே வந்துவிட்டுப் போனார்கள்.

நான் எந்தக் கட்சியும் இல்லை. பையனின் உயரம், எடை, எந்தக் காலேஜ், அப்பா என்ன செய்கிறார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று விசாரிப்பேன். அம்மா கரண்டியை ஆட்டிக்கொண்டு, "ஏனுங்க, எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போ எங்கப்பா இதுல பாதி விசாரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்பாள். கடைசியில் நான் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. "எல்லாஞ் சரி. இந்தப் பையன் நம்ம டீமுக்கு வருவானா?"

"மே பி" என்று தம்பி தோளைக் குலுக்குவான். நாலு வருஷம் அப்படித்தான் போனது. நான் எதை நினைத்துக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எதை நினைத்துப் பதில் சொன்னீர்கள் என்று எனக்கும் தெரியாது.

ஐந்தாம் வருஷம் தோசைக் கச்சேரி நடக்கவில்லை. அம்மாவின் கம்பெனி, இர்விங்கிலேயே இருந்த லாஸ் கோலினாஸ் ஆபீஸைச் சுருக்கியது. கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா ஆபீஸுக்குப் போனால் வேலை உண்டு, ஜூனுக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். நம் விசா அம்மாவின் வேலையை நம்பி நின்றது. கிரீன் கார்டும் அதே கம்பெனி மூலமாகத்தான் அப்ளை பண்ணியிருந்தோம். நானும் அம்மாவும் இரண்டு நாள் அடுப்படியில் பேசினோம். மூன்றாம் நாள் உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஜூன்ல கலிஃபோர்னியா போறோம்" என்று சொன்னேன். பாப்பா, உனக்கு அடுத்த வருஷம் பன்னிரண்டாவது. ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த பிள்ளைகளோடு ஸ்கூலை முடிக்க வேண்டிய வருஷம். நீ "ஓகே" என்றாய். தம்பி தலையை ஆட்டினான். எழுந்து போய்விட்டீர்கள். பிள்ளைகள் தங்கமான பிள்ளைகள், புரிந்துகொண்டார்கள் என்று நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு வந்து, தின்று, தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனீர்கள். தட்டைக் கழுவிவைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டிராஃப்ட் அன்று நான் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்தேன். அம்மாவுக்கு அன்று மீட்டிங். ஏழு மணிக்கு நானே டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிவைத்தேன். முதலில் தம்பி வந்து தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் நீ வந்து சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாய். நான் வேண்டுமென்றே, "இந்த வருஷம் பந்து உதைக்கிறவனை எடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"கிக்கரா? ஃபர்ஸ்ட் ரவுண்ட்லயா?" என்று தம்பி அலறினான். "அப்பா, தட்ஸ் எ க்ரைம்!"

"டிஃபென்ஸ் பத்திப் பேசுங்க" என்றாய் நீ. "போன வருஷம் எத்தனை பேர் ஓட்டையில புகுந்து ஓடினாங்க?"

"நீயே லைன்மேன் கட்சி. உனக்கு எதுக்கு டிஃபென்ஸ்?" என்று தம்பி மடக்கினான்.

"டிஃபென்ஸ்லயும் லைன் இருக்கு, டம்மி."

பல வாரம் கழித்து உங்கள் சண்டையைக் கேட்டேன். என் வயிறு குளிர்ந்துபோனது. இன்னும் கொஞ்சம் கிளறிவிடலாம் என்று நினைத்தபோது டிவியில் ஒரு பையனின் வீட்டைக் காட்டினார்கள். டெக்சஸ் பையன். நம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரம் டிரைவ் பண்ணினால் போய்விடுகிற ஊர். சோபா நிறைய மாமா, அத்தை, சித்தப்பா எல்லோரும். போன் அடித்தது, பையன் எடுத்தான், எல்லோரும் எழுந்து குதித்தார்கள். வடக்கே, ஆறு மாசம் பனி விழுகிற ஒரு ஊர் டீமின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

எனக்கு மனசே ஆறவில்லை. "ஏம்ப்பா, எல்லாருக்கும் முன்னாடி இவன் நம்பர்தானே வந்துச்சு? அத்தனை டீமும் காலியாத்தானே கிடக்கு? போயும் போயும் அந்தக் குளிருக்குள்ள போய் எதுக்கு சீட் எடுத்தான்?"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

"சீட்டா?" என்றாய் நீ. "அப்பா, வெயிட். அவன் சூஸ் பண்ணினான்னு நினைக்கறீங்களா?"

"பின்ன? ரேங்க் வச்சவன்தானே முதல்ல உள்ள போவான்?"

அப்போதுதான் நான் கவுன்சிலிங் கதையைச் சொன்னேன். ப்ளஸ் டூ முடித்து என்ஜினியரிங் கவுன்சிலிங் போன கதை. மார்க் அதிகம் வாங்கியவனை முதலில் உள்ளே விடுவார்கள். அவன் தனக்குப் பிடித்த காலேஜை எடுத்துக்கொள்வான். அவன் எடுக்க எடுக்கத் திரையில் சீட் எண்ணிக்கை குறையும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பக்கத்து ஊர்க் காலேஜில் மெக்கானிக்கல் வேண்டும். என் முறை வருவதற்கு முன்னாலேயே அது பூஜ்யம் ஆகிவிட்டது. அப்படித்தான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். டிராஃப்ட் என்றால் அதுதான் என்று நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரப் பையன் உள்ளே வருவான், பலகையைப் பார்ப்பான், டீமை எடுப்பான். அதனால்தான், நம்ம டீமுக்கு வருவானா, நம் ஊர் வெயில் அவனுக்குப் பிடிக்குமா என்றெல்லாம் கவலைப்பட்டேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தம்பி தரையில் புரண்டான். "ஃபோர் இயர்ஸ்! அப்பா, ஃபோர் இயர்ஸ்!" உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். இதைச் சொல்லிச் சொல்லியே இன்னும் நாலு தோசை கூடத் தின்பீர்கள் என்று நினைத்தேன்.

சிரித்து ஓய்ந்ததும் தம்பி விளக்கினான். "அப்படியே உல்டா அப்பா. போன வருஷம் தோத்துப்போன டீம்தான் ஃபர்ஸ்ட். அவங்க யாரைக் கூப்பிடறாங்களோ அவன் போகணும்."

"இஷ்டமில்லைன்னா?"

"இஷ்டமெல்லாம் கேக்க மாட்டாங்க. யூ ஜஸ்ட் ஸ்மைல் அண்ட் புட் ஆன் த ஹாட்."

"அவங்க வீட்ல?"

"அவங்களையும் கேக்க மாட்டாங்க."

நீ டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாய், பாப்பா. மெதுவாகத்தான் சொன்னாய். "லைக் அஸ்."

தம்பி சட்டென்று உன்னைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். எட்டரை மணி போல நம் டீமின் முறை வந்தது. லைன்மேனைத்தான் எடுத்தார்கள். நீ எப்போதும் கேட்கிற மாதிரி ஆள். வேறு வருஷமாக இருந்தால் நீ தம்பி தலையில் தலையணையால் அடித்திருப்பாய். அன்று "நைஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போனாய்.

மறுநாள் காலை உன்னை ஸ்கூலில் இறக்கப் போகும்போது, ஃப்ரீவேயில் வைத்துக் கேட்டேன். உன் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க என்னால் முடியாது. "உங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டோம் கண்ணு. இப்பக் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

"டூ லேட் அப்பா."

"சொல்லு."

"எனக்கு என்னோட சீனியர் இயர் வேணும். இங்கயே. அவ்ளோதான்." அப்புறம் அவசர அவசரமாக, "பட் இட்ஸ் ஓகே. நிஜமா. அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாய்.

நான் சொன்னேன். அன்று சாயங்காலமே சொன்னேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை, என்மேல். "எல்லாம் பேசி முடிச்சப்புறம் வந்து சொன்னா நான் என்ன பண்ணட்டும்? என்ற வேலையை விட்டுடட்டுமா? விட்டா நாலு பேரும் மூட்டையைக் கட்டணும். அன்னைக்கே புள்ளைங்களைக் கேட்டிருக்கலாமில்ல?"

"நீயும் கேக்கலையே" என்றேன்.

"நானும் கேக்கலை. அதுதான் எரியுது" என்றாள்.

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நான் முன்னாடி போறேன். ஒரு வருஷந்தானே. நீங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு இங்க இருங்க" என்றாள். அம்மா இல்லாமல் உங்களுக்கு ஒரு நாள் இரவு சாப்பாடு போட்டுப் பழக்கம் இல்லாதவன் நான். "வேண்டாம், எல்லோரும் சேர்ந்தே போவோம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா மனசு மாறியிருப்பாள். நான் சொல்லவில்லை. "சரி" என்றேன்.

ஆகவே பாப்பா, கேட்டுக்கொள். உன்னால் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் சொன்னாய், அவ்வளவுதான். முதலிலேயே கேட்டிருந்தால் நாலு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, எவ்வளவு கஷ்டம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசியிருக்கலாம். நான்தான் கேட்கவில்லை. என்னிடம் இந்த நாட்டில் எதையும் யாரும் கேட்டதில்லை, அதனால் கேட்பது என்பது ஒரு வேலை என்றே எனக்குத் தோன்றவில்லை. இது சமாதானம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஒரு வருஷத்தில் அம்மா தனியாக இருந்து அழுத நாட்கள் உண்டு. நீங்கள் ஸ்கூலில் இருக்கும்போது எனக்குப் போன் பண்ணி அழுவாள். ஆனால் ஸ்கூல் முடித்த விழாவில் நீ தொப்பியும் அங்கியும் போட்டு மேடையில் நடந்தபோது, உன் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று கத்தியவளும் அவள்தான். அவள் கணக்கில் அது சரியாகிவிட்டது என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். வேண்டுமானால் நீயே அவளைக் கேள்.

அம்மா கிளம்பிப் போனது ஒரு திங்கட்கிழமை. உங்கள் இருவரையும் ஸ்கூலில் விட்டுவிட்டு, நான் மட்டும் அவளை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் இறக்கினேன். பெட்டியை இறக்கிவைத்ததும் பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது. நின்று பேச முடியவில்லை. அவள் கண்ணாடிக் கதவுக்குள் போனாள். எனக்குக் கடைக்கு நேரமாகியிருந்தது. ஆனாலும் கடைப் பக்கம் திரும்பாமல், ஊரிலிருந்து வருகிறவர்களை ஏற்றிக்கொள்ள வந்தவர்கள் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார்களே, அந்த இடத்துக்குப் போனேன். சுற்றிலும் எல்லோரும் யாராவது வந்து இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, அவளுடைய விமானம் கிளம்பிவிட்டது என்று போனில் காட்டுகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.