புழுப் பெட்டியும் ஒரு வேண்டுதலும்

மூன்று வருடங்களுக்கு முன், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தபோது நடந்தது இது. கீழே வீட்டுக்காரரின் தறி. மேலே இரண்டு போர்ஷன்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்ன மொட்டை மாடி.

பட்டுப் புடவைக்குக் குஞ்சம் முடிவது என் வேலை. நாள் முழுக்க நூலையே பார்க்கும் கண்ணுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு மீன்தொட்டி வாங்கினேன். ஏஞ்சல் மீன்கள் ஆறு. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத ஜென்மம் நான். கடைத் தீனி போட்டால் மீன் வளராது, உயிருள்ள புழு போடுங்கள் என்று மீன் கடைக்காரர் சொன்னதும், வீட்டிலேயே வளர்க்க இறங்கிவிட்டேன். ஒரு தெர்மாகோல் பெட்டியில் தேங்காய் நார்த்தூளும் மக்கிய சாணமும் போட்டு, மண்புழுக்களை விட்டு, ஈரச் சாக்கால் மூடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் போர்ஷனுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சமணர்கள், விவசாயக் குடும்பம். அவள் என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மழை பெய்தால் மாடிப்படியில் ஊரும் மரவட்டைகளை அட்டையில் ஏந்தி ஓரமாக விட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவாள். அவள் கணவருக்கு இதயத்தில் கோளாறு. சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கக் காத்திருந்தார்கள்.

ஒருநாள் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது இன்னாக்கா?" என்று கேட்டாள்.

"மண்புழும்மா. செடிக்கு உரம்" என்றேன். நாலு ரோஜாத் தொட்டிகள் பக்கத்திலேயே இருந்தன. பொய் கூசாமல் வந்துவிட்டது. இவளிடம் போய் உண்மையைச் சொல்லி எதற்கு வம்பு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு தட்டில் சுரைக்காய்த் தோலும் வாழைப்பழத் தோலும் பொடிப்பொடியாக நறுக்கிக் கொண்டுவந்தாள். "அவருக்கு ஆபரேஷன் முடியற வரைக்கும் இதுங்களுக்கு நான்தான் போடுவேன்க்கா. வாயில்லாத ஜீவனுங்க நல்லா இருந்தா, அவரும் நல்லா இருப்பாருன்னு வேண்டிக்கினு இருக்கேன்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. வெங்காயமும் பூண்டும் புழுக்களுக்கு ஆகாது. அவள் வீட்டில் இரண்டுமே கிடையாது, மண்ணுக்குக் கீழே விளைவது எதையும் சமைக்க மாட்டார்கள். அவள் போட்ட தோல்களில் புழுக்கள் கொழுத்துப் பெருகின. நான் மகிழ்ந்துபோய் இரண்டாவது பெட்டியும் வைத்தேன். அதற்கும் சேர்த்துக் கொண்டுவந்தாள். அவள் உள்ளே போன பிறகு, நான் புழுக்களை எடுத்துக் கழுவி, ஓட்டுத் துண்டின் மேல் வைத்து பிளேடால் நறுக்கி மீன்களுக்குப் போடுவேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

கணவரைச் சென்னையில் சேர்த்துவிட்டு, துணிமணி எடுக்க அவள் மட்டும் திரும்பி வந்தாள். மறுநாள் ஆபரேஷன். அவள் வந்தது எனக்குத் தெரியாது. அன்று காலை புழு நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. கையில் தட்டோடு நின்றிருந்தாள். ஓட்டின் மேல் துண்டுகள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

"தெனமுமாக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

குனிந்து சாக்கை விலக்கி, கொண்டுவந்த தோல்களைப் பெட்டியில் தூவினாள். "வேணாம்மா, வெச்சிடும்மா" என்றேன்.

"மிச்சம் இருக்கறதுக்குப் பசிக்கும்ல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள், ஆபரேஷன் நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. அந்த மனிதருக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று, எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பயம்தான், வேறென்ன. சாயங்காலம் கீழே வீட்டுக்காரருக்கு போன் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டதாம். மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் வீடு திரும்பியதும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் முகம் கோணாமல் உட்காரச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன்.

"மீன் வளக்கறது உங்க இஷ்டம்க்கா. அதை நான் கேக்க மாட்டேன்" என்றாள். பழத்தை வாங்கி வைத்துவிட்டு, "சொல்லியிருந்தா நான் வேற எதுக்காச்சும் போட்டுக்கினு இருந்திருப்பேன். எறும்புக்கு, குருவிக்கு. என் வேண்டுதலை எங்க வெக்கணும்னு நான் பாத்துக்கினு இருந்திருப்பேன்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகும் பேசினாள், பலகாரம் கொடுத்தாள். அடுத்த வருடம் வேறு வீடு மாறிப் போனார்கள். நான் இன்றும் மீன் வளர்க்கிறேன், புழுவும் வளர்க்கிறேன். அதற்காக வருந்துகிறேன் என்றால் அது இன்னொரு பொய். ஆனால், புருஷன் பிழைக்க வேண்டும் என்று ஒருத்தி தினமும் தன் கையால் நறுக்கிப் போட்டு வளர்த்த ஜீவன்களை, அவளுக்குத் தெரியாமல் என் மீன்களுக்குத் தீனியாக்கினேனே, அவர் பிழைத்து வந்தும் அந்தக் குற்றம் என்னை விட்டுப் போகவில்லை.