சாம்பிள் பல்

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்காருமுன் சென்னியப்பன் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறார். ஒரு காலில் விரிசல். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, சிவப்பு அம்புக்குறி ஒன்றை உரித்து, முனை விரிசலைக் காட்டும்படி ஒட்டிவிட்டு அடுத்த நாற்காலியில் உட்காருகிறார். பெண் வீட்டார் முறைத்தால், "தப்பா நெனைச்சுக்காதீங்க, தொழில் அப்படிங்க" என்று இலையைக் கழுவத் தொடங்குகிறார்.

அனுப்பர்பாளையத்தில் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். கம்பெனிகளில் தைத்த பனியன்கள் அவர் மேஜையில் வந்து விரியும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது இருந்தாலும் அங்கே அம்பு விழும். அம்பு விழுந்த பீஸ் கப்பல் ஏறாது. சென்னியப்பன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று ஊருக்குள் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியவர் அவரேதான். வீட்டில் புது ஃபிரிட்ஜின் கீறலில் ஓர் அம்பு இருக்கிறது, மனைவி சீதனமாகக் கொண்டுவந்த குடத்தின் ஒடுக்கில் இன்னொன்று. மச்சினனின் மொபெட்டை எண்ணவே வேண்டாம்.

இப்பேர்ப்பட்ட கண்தான் மகள் தாரணியின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்து, எரிந்த தீக்குச்சிகள் மாதிரி நின்றதைப் பார்த்தது. பார்த்துவிட்டு, "பால் பல்லுதானுங்க, எப்படியும் விழுகறதுதானே" என்று பாஸ் போட்டது.

மூன்றரை வயதுக் குழந்தை பகலெல்லாம் யூனிட்டில் பனியன் குவியல் மேல்தான் தூங்கும். அழுதால் வேலை நின்றுபோகும். அதனால் சர்க்கரையைத் தாராளமாகப் போட்டு, பால் பாட்டிலைத் தன் கையாலேயே கலக்கி வாயில் வைத்துவிடுவார். பாட்டில் வாயில் இருக்கத் தூங்கிப்போவாள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி மனைவி அலுத்துப்போனாள். கடைசியில் குழந்தை சோற்றைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்த பிறகுதான், பல் டாக்டர் சண்முகப்பிரியாவிடம் அப்பனையும் மகளையும் சேர்த்து இழுத்துப் போனாள்.

உள்ளே சீழ் பிடித்திருக்கிறது என்றார் டாக்டர். வேர்வரை சுத்தம் செய்துவிட்டு, கண்ணாடி போன்ற மெல்லிய உறையில் பல் நிறப் பசையை நிரப்பி, மிச்சமிருக்கும் பல்லின் மேல் மாட்டி, நீல வெளிச்சம் காட்டி இறுகவைக்க வேண்டும். பிறகு உறையை உரித்தெடுத்தால் பல் போலவே நிற்கும். "தானா விழுகறதுக்கு இன்னும் மூணு நாலு வருசம் இருக்குதுங்க. அது வரைக்கும் புள்ள எதுலங்க கடிச்சுத் தின்னும்?"

சென்னியப்பன் யோசித்தார். "சரிங்க டாக்டரம்மா. மொதல்ல ஒரு பல்லு சாம்பிள் போட்டுக் காட்டுங்க. அப்ரூவல் ஆச்சுன்னா மத்ததைப் பல்க்கா பண்ணிக்கலாமுங்க."

டாக்டர் பொறுமைசாலி. ஒரு பல்லைக் கட்டி முடித்தார். சென்னியப்பன் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். டியூப் லைட்டில் ஒரு நிறமும் வெயிலில் வேறு நிறமும் காட்டும் துணிகளிடம் ஏமாந்த மனிதர். உச்சி வெயிலில், காலரைப் புரட்டுவது போல மகளின் மேலுதட்டைப் புரட்டிப் பார்த்தார். டீக்கடைக்காரரையும் கூப்பிட்டு ஓர் அபிப்பிராயம் கேட்டார். குழந்தை கண்கூசி வீறிட்டது. அதைப் பற்றி யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. "ஷேடு கொஞ்சம் வெளுப்புங்க" என்று திரும்பி வந்தார். கறுத்த பல்லுக்குப் பக்கத்தில் எது நின்றாலும் வெளுப்பாகத்தான் தெரியும், கீழ்ப்பற்களோடு வைத்துப் பாருங்கள் என்றார் டாக்டர். பார்த்தார். அப்ரூவல் கிடைத்தது.

நான்கு பற்களும் முடிந்தன. இனி பாட்டில் கூடவே கூடாது, பாலை டம்ளரில் சர்க்கரையில்லாமல் கொடுங்கள், தூங்கும்முன் பல் தேய்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். பிறகு போன இடமெல்லாம் மகளின் உதட்டைப் புரட்டிக் காட்டினார். இடையில் ஓர் அவசர ஆர்டர் வந்தது. பனியன் குவியல் மேல் குழந்தை சிணுங்கியது. பாட்டிலும் வந்தது. சர்க்கரை மட்டும் பாதி. அதைப் பெரிய தியாகம் என்றே அவர் நினைத்தார்.

மறுபரிசோதனையன்று டாக்டர் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். புதுப்பற்களின் ஓரத்தில், ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு கோடு. "பாட்டில் குடுக்கறீங்களா?"

"இல்லீங்க, அன்னிக்கே நிறுத்தியாச்சுங்க" என்றார் சென்னியப்பன். மனைவி அவரையே பார்த்தாள். "மெட்டீரியல்லதான் ஏதோ டிபெக்ட்டுங்க, டாக்டரம்மா."

"இன்னொருக்கா அரிச்சா, கட்டறதுக்குப் பல்லே மிச்சமிருக்காதுங்க" என்றார் டாக்டர். "புடுங்கோணும்."

அப்பாவின் மடியிலிருந்த தாரணிக்கு இந்தப் பேச்சு அலுத்துப்போனது. அவர் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை உருவி, ஒன்றை உரித்து, அவர் நெஞ்சில் ஒட்டினாள். தினமும் யூனிட்டில் ஆடுகிற ஆட்டம்தான். அம்பின் முனை அவர் முகத்தைப் பார்த்து நின்றது. மனைவி சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை. பிய்த்தெறியக் கையைக் கொண்டுபோனார் சென்னியப்பன். குழந்தை ஒட்டியதால் ஓர் ஓரம் சரியாக ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. கை அப்படியே நின்றது. பிறகு கட்டைவிரல் நகத்தால் அந்த ஓரத்தை நீவி, அழுத்தி ஒட்டவைத்தார்.