பால்மா துடைத்த சுவர்

என் தங்கை பால்மா ரிட்ஸி வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மத்தேரா ஊருக்கு எதிர்ச்சரிவில் இருக்கும் குகைக் கோயிலின் சாவி இன்று அவள் இடுப்பில் தொங்குகிறது. ரோமிலிருந்து பேராசிரியர்களே வந்தாலும் அவள் வந்து திறக்கும்வரை வெயிலில் நிற்கிறார்கள். அவளுடைய வலது கால் இடது காலைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டை. அந்தக் காலோடுதான் சரிவை நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒரு நாளும் போனதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை போனேன், பிறகு கல் வெட்டப் போய்விட்டேன். அதனால் அளவுகளைச் சரியாகச் சொல்வேன்.

அந்தக் குகை அப்போது எங்கள் ஆட்டுக் கொட்டில். நிலம் பண்ணையார் தோன் ஜெரார்தோவுடையது. ஊரில் பாதிப் பேர் அவருக்குக் குத்தகைக்காரர்கள், நாங்களும்தான். பல தலைமுறைப் புகை படிந்து உள்சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. 1955 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்மா அங்கே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். விரலில் ஒட்டிய கரியை ரொட்டியின் மெத்தென்ற உள்பாகத்தை உருட்டி ஒற்றி எடுத்தாள். விரல் வெளுத்தது. சுவரும் வெளுக்குமா என்று பார்க்க அதே உருண்டையைச் சுவரில் உருட்டினாள். ஒரு கண் அவளைப் பார்த்தது.

மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, சுவத்துக்குள்ள யாரோ இருக்காங்க."

"ஆடெல்லாம் இருக்கா?" என்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சாண் அளவுக்குத் துடைத்தாள். அம்மாவுக்குத் தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது.

"கீழ விழுந்த ரொட்டிய முத்தம் குடுத்து எடுக்கற வீடுடி இது! நீ சுவத்துக்கு ஊட்டிட்டு வர்றியா?"

"சாமிக்குத்தானம்மா ஊட்டறேன்."

"சாமி தின்னா நான் ஏன் கேக்கறேன்? கோழியில்ல தின்னுது!"

கரி படிந்த உருண்டைகளைப் பால்மா கோழிக்குப் போட்டுவந்தது உண்மைதான். முட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிப்ரவரி முடிவதற்குள் கரிக்கடியிலிருந்து ஒரு பெண் புனிதையின் ஓவியம் முழுதாக வெளியே வந்தது. உச்சி முதல் பாதம் வரை ஒரு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். இடது பாதத்தில் ஆறு விரல். கன்னத்தில் நிறம் உதிர்ந்த இடத்தில் பச்சை தெரிந்தது. அதைப் பற்றிப் பால்மா என்னைக் கேட்டாள், பாதிரியாரைக் கேட்டாள், ஊர்ச் சுண்ணாம்புக்காரரைக் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் உற்றுப் பார்த்த பிறகு அவளே சொன்னாள்: "முதல்ல பச்சை பூசி, அது மேல சதை நிறம் வச்சிருக்கான் அண்ணே. அதான் நிழல் அவ்வளவு உயிரா இருக்கு." இதையே பின்னாளில் ஒரு பேராசிரியர் ஒரு மணி நேரம் விளக்கினார்.

ஏப்ரல் 9, திங்கட்கிழமை, தோன் ஜெரார்தோவின் காரியக்காரர் ஒரு பழம்பொருள் வியாபாரியை அழைத்துக்கொண்டு குகைக்கு வந்தார். பால்மா ஆடு கறந்துகொண்டிருந்தாள்.

"இது?" என்று வியாபாரி அவளைக் காட்டிக் கேட்டார்.

"நொண்டி. அதுக்கு என்ன தெரியும், நீங்க பேசுங்க."

அவர்கள் பேசினார்கள். புனிதையின் முகத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் சதுரம் போட்டார்கள். மறுவாரம் புதன்கிழமை ரம்பத்தோடு வந்து முகத்தை மட்டும் அறுத்தெடுப்பது என்று முடிவானது.

பழஞ்சின்னங்களைக் காக்கும் அதிகாரி செவ்வாய்தோறும் எங்கள் ஊருக்கு வருவார். பால்மா மறுநாளே அவர் முன்னால் போய் நின்றாள், நானும் கூடப் போனேன். உரிமையாளரே ஆனாலும் அப்படி அறுக்கக் கூடாது என்றார் அதிகாரி. ஆனால் அவர் தடுக்க வேண்டுமானால் கண்ணால் பார்த்தவர் மனுவில் கையெழுத்திட வேண்டும். குமாஸ்தா மனுவை எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். பால்மா பாவாடைப் பையிலிருந்து எங்கள் வீட்டு ரொட்டி முத்திரையை எடுத்தாள். கைப்பிடியில் சேவல் செதுக்கிய மரக்கட்டை அது. ஊர்ப் பொது அடுப்பில் எந்த ரொட்டி யாருடையது என்று அதை வைத்துத்தான் தெரியும். நான் தடுப்பதற்குள் மைக்கூட்டில் தோய்த்து மனுவின் அடியில் அழுத்திவிட்டாள்.

"ஏம்மா, இது மனுவா, மாவா?" என்றார் குமாஸ்தா.

"ஐயா, ஒரே அடுப்புல இருநூறு ரொட்டி வேகுது. எங்களது ஒரு நாள்கூட மாறினதில்ல. இதவிட என்ன வேணும்?"

அதிகாரி சிரிக்கவில்லை. "அடுப்புக்கு இது போதும்மா, கோர்ட்டுக்குப் போதாது. சிலுவைக்குறி போடு. சொந்தக்காரங்க இல்லாத ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து வேணும். அடுத்த செவ்வாய் வர்றேன்."

பொது அடுப்பு நடத்தும் தொனாத்தோவிடம் போனோம். "உன் முத்திரை உன்னோடதுன்னு போப்பாண்டவர்கிட்டகூடச் சொல்றேன் பால்மா. தோனுக்கு எதிரா மட்டும் வேணாம், எனக்குப் புள்ளைங்க இருக்கு," என்றார். மேலும் ஏழு பேரைப் பார்த்தோம். ஏழு பேரும் தோனுடைய நிலத்தில் பயிர் செய்பவர்கள்.

திரும்பி வரும் வழியில் பால்மா நின்றாள். "நானே எழுதிட்டா சாட்சி வேணாமில்ல?"

"வேணாம்."

"என் பேர்ல எத்தனை எழுத்து?"

"பத்து. திரும்ப வர்றதக் கழிச்சா ஏழு."

"நாளுக்கு ஒண்ணு. எழுதிக் காட்டு."

குகை வாயிலின் வெளிச்சுவரில் ஒரே ஒருமுறை கரித்துண்டால் PALMA RIZZI என்று எழுதிக் காட்டினேன். மிச்சமெல்லாம் அவள் பாடு. சுவரைப் பார்த்ததைப் போலவே எழுத்துகளையும் பார்த்தாள். எந்தக் கோடு முதலில் போட்டது, எது அதன்மேல் வந்தது என்று யோசித்தாள். "கடைசிக்கு முன்னால ரெண்டு ஒரே மாதிரி நிக்குதே, ஒண்ணு போதாதா?" என்று ஒருநாள் சண்டைக்கு வந்தாள். முப்பத்துமூன்று வயதில் விரல் வளைய மறுத்தது. சனிக்கிழமை கரித்துண்டை விட்டெறிந்தாள், பிறகு தானே தேடி எடுத்தாள்.

அடுத்த செவ்வாய் அதிகாரி நாற்காலியைக் காட்டினார். நின்றுகொண்டுதான் எழுதிப் பழகியிருக்கிறேன் என்று சொல்லி உட்கார மறுத்துவிட்டாள். குமாஸ்தா மைக்கூட்டை அவள் பக்கம் நகர்த்தினார். பத்து எழுத்துக்கும் நான்கு நிமிடம் ஆனது, சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு எழுத்து மட்டும் வரிக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. அன்று மாலையே காவலர் இருவர் குகை வாயிலில் போய் நின்றார்கள். மறுநாள் வந்த வண்டி ரம்பத்தை இறக்காமலே திரும்பியது.

அந்த மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. பெயருக்குக் கீழே நாள் போட வேண்டியிருந்தது. எண் எழுதப் பழக ஏழு நாளில் நேரம் கிடைக்கவில்லை. அதிகாரியின் அனுமதியோடு அதை மட்டும் நான் எழுதினேன்: 1956 ஏப்ரல் 17.