வலது ஓரத்துக் கதவு

பத்மா அக்கா தவறிவிட்டார் என்று அவர் கணவர் லூபோக் சீனா ஊரிலிருந்து அழைத்துச் சொன்னபோது, புக்கிட் காத்திலில் உள்ள என் வீட்டில் நான் எங்கள் அடுத்த சிறுவர் நூலின் பக்கங்களைக் கணினியில் அமைத்துக்கொண்டிருந்தேன். கதை என்னுடையது, படங்கள் அக்காவுடையவை. "சரிண்ணே, வர்றேன்" என்று சொல்லிக் கணினியை மூடினேன். சாவுச் செய்தி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன வயது எனக்கு. ஆனாலும் இதைத் தாங்க முடியவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அந்தக் கதவும் தெரிந்திருக்கும். பேய், வெள்ளம், புலி என்று எதை வரைந்தாலும் பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு கதவைத் திறந்து வைப்பார். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். ஏன் என்று கேட்டேன். "பயந்த பிள்ளை அந்தப் பக்கம்தானே தாளைப் புரட்டும் தம்பி? வெளிய போக வழி இருக்கணும்லா" என்றார்.

ஒரு புலிக் கதையில் எழுத்துக்கு இடம் போதவில்லை. அவரைக் கேட்காமலே படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டேன். அச்சாகி வந்ததும் கண்டுபிடித்தவர் அவர் கணவர்; இளவயதில் ரப்பர் தோட்டத்தில் மண்டோர் என்ற மேற்பார்வையாளரின் கீழ் பால்மரம் வெட்டியவர். படத்திலிருந்த மரங்களைப் பார்த்து, "யாருப்பா இது, பால் வடியுற கோட்டை எதிர்ப்பக்கமா சரிச்சு வெட்டியிருக்கான்? மண்டோர் பாத்தா விரட்டிருவாரு" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தை அகல விரித்துக் கதவைத் தேடினார். அது இடப்பக்கம் மாறி, தையல் மடிப்புக்குள் போயிருந்தது.

எனக்கு அன்று ஒரே சலிப்பு. "விடுங்கக்கா, ஒரு கதவை யாரு பாக்கப் போறா?" என்றேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அக்கா சண்டை போடவில்லை. புத்தகக் கட்டுகளைத் தம் வீட்டுக்கு எடுத்துப் போனார். மஸ்ஜித் தானா ஊர் கிளினிக்கில் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பிரதியிலும் வலது ஓரத்தில் கையாலேயே கதவு வரைந்தார். கடைசிக் கட்டைக் கொண்டுவந்தபோது, என் மேசையில் கிடந்த பிரதியையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "ஒனக்கெதுக்கு தம்பி? நீதான் பயப்படலியே" என்றார், கேலியாகத்தான். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. நான் "தேத்தண்ணி குடிங்கக்கா" என்றேன்.

அதன்பிறகும் எனக்குப் படம் போட்டுத் தந்தார். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

அந்தப் புலிக் கதையில் என்னிடம் மிஞ்சியிருப்பது கதவில்லாத அந்த ஒரு பிரதிதான். நேற்று தகனம் முடிந்து வந்து, குளித்துவிட்டு, அதை விரித்தேன். பென்சிலை எடுத்தும் பார்த்தேன், கோடு வரவில்லை. புலி என்னையே பார்க்கிறது. வலது ஓரம் வெறுமையாக இருக்கிறது.

பயமாக இருக்கிறது, அக்கா.