பக்கத்துக் கடைக்குப் போய்விட்ட முதல் நடை

சூடேறிய ஃபோட்டோகொப்பி மெஷினின் மணம்... அதோடு பக்கத்துப் புடவைக்கடையில் இருந்து வரும் ஆம்பிளைகள் இடுப்பில் கட்டும் புதுச் சாரத்தின் கஞ்சி மணம். வவுனியா பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த டெலிபோன் கோல் எடுக்கவும் சிடி எழுதவும் சனம் வரும் எங்கள் கொம்யூனிகேஷன் கடையை நினைத்தால், முதலில் மூக்குத்தான் விழித்துக்கொள்கிறது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் முதலாளி கொழும்பில் இருந்து ஒரு புளூடூத் டொங்கிள் வாங்கி வந்தார். சுண்டுவிரல் அளவு. கம்பியூட்டரில் செருகினால் நீல வெளிச்சம் மினுங்கும். அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, களவு போகாமல் நூலால் கட்டியும் விட்டார். வயரே இல்லாமல் அனுப்புகிற சாமானை நூலால் கட்டி வைத்த ஒரே கடை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவருடைய இன்னொரு கட்டளை... ஃபைல் போகும்போது ஃபேனை நிறுத்த வேண்டும்.

"காத்தில வாற சாமான். ஃபேன் அடிச்சால் பறந்திடுமெல்லோ?"

கம்பியூட்டர் கோர்ஸ் முடித்தவன் நான். சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. ஃபேன் நின்றதும் வந்திருக்கிற சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கும். ஒப்பரேஷன் தியேட்டர் டொக்டர் மாதிரி எனக்கு ஒரு மிதப்பு. அதை நானே ஏன் கெடுக்க வேண்டும்?

அந்த மிதப்பில்தான் திரையைப் பார்க்காமலே பட்டன் அமத்தப் பழகினேன். போனில் வருகிற பட்டியலில் முதல் பெயர் எப்போதும் எங்கள் கம்பியூட்டர்தான். பிறகு கண் எதற்கு?

ஒருநாள் காலை மாங்குளத்தில் இருந்து யோகேஸ்வரி அக்கா, இடுப்பில் பிள்ளையோடு வந்தா. கணவர் கட்டாரில். பிள்ளை பிறக்க முதலே போனவர். பிள்ளை முதன்முதலாக நடந்ததை அக்காவின் தம்பி தன் போனில் வீடியோ எடுத்திருந்தான். அந்தப் போனைத்தான் கொண்டுவந்திருந்தா. மாங்குளத்தில் அப்போது சிக்னல் கிடையாது. அங்கே போன் என்றால் கமராதான்.

"இதைச் சிடியில போட்டுத் தா தம்பி. இவரின்ர கூட்டாளி பன்ரண்டு மணி பஸ்ஸில வெளிக்கிடுறார், நாளைக்குக் கட்டார் பிளைட். இந்த ஒண்டுதான் இருக்கு, கவனம்."

ஃபேனை நிறுத்தினேன். கூரையைப் பார்த்தபடி அமத்தினேன். 'அனுப்பியாச்சு' என்றது போன். அதில் இடம் நிரம்பி வழிந்தது. யாரும் கேட்காத உதவியாக, போனில் இருந்த வீடியோவையும் அழித்துவிட்டேன்.

பிறகு கம்பியூட்டரில் ஃபோல்டரைத் திறந்தால்...

வெறுமை.

"ஃபேனை ஒழுங்கா நிப்பாட்டேல்லையோ தம்பி?" என்றா அக்கா, மேலே பார்த்து.

ஓம் என்றால் தப்பியிருப்பேன். சத்தியமாக வாய் வரை வந்தது. அவாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"ஃபேன் இல்லையக்கா, நான்தான். பாக்காமல் வேற ஆற்றையோ போனுக்கு அனுப்பிப்போட்டன். உங்கடையையும் அழிச்சுப்போட்டன். பிள்ளையைத் திரும்ப நடக்க வைச்சு எடுப்பமே?"

"முதல் நடை ரெண்டாந்தரம் வருமோடா?"

தம்பி 'டா' ஆனது அந்த நிமிஷம்தான்.

ஒரே ஆறுதல், புளூடூத் முப்பது அடிக்கு மேல் போகாது. அப்போது எல்லோரும் புளூடூத்தைத் திறந்தபடியேதான் திரிவார்கள். ஓசியில் பாட்டு வரும் என்ற ஆசையில், எது வந்தாலும் 'யெஸ்'. ரோட்டில் இறங்கிக் கத்தினேன்.

"ஆற்றையும் போனுக்கு ஒரு பிள்ளை வந்ததோ?"

எதிர்ச் சலூன்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார். "கலியாணம் கட்டாத உனக்கு ஏனடா பிள்ளை?"

ரோடே சிரித்தது. நான் அழுகிற நிலை.

"தம்பி, இஞ்ச வா." புடவைக்கடை நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். முல்லைத்தீவில் பெரிய கடை வைத்திருந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, வவுனியாவில் ஆறடிக் கடையோடு திரும்பத் தொடங்கியவர். கையில் போன்.

"வழமையா தெரியாதது வந்தா அழிச்சிருவன். இது ஆர் பெத்த பிள்ளையோ... மூண்டு தரம் பாத்திட்டன். அழிக்க மனம் வரேல்ல."

அக்கா அந்தப் போனை இரண்டு கையாலும் வாங்கி, பிள்ளைக்கே காட்டினா. பிள்ளை அதைக் கடிக்கப் பார்த்தது.

நானா எங்கள் கடைக்குள் வந்து, தானே ஃபேனை நிறுத்தினார். "இந்த முறை கண்ணைத் திறந்து அமத்து."

பெயரை மூன்று தரம் வாய்விட்டு வாசித்து அமத்தினேன். வந்து சேர்ந்தது. ஆனால் சிடி எழுதி முடிய முன்னமே பஸ் ஹோர்ன் அடித்துவிட்டது. நானா தோளில் நாலு சாரத்தைப் போட்டுக்கொண்டு போய் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். சாரதியிடம் சாரத்தின் தரம், சாயம், கரை என்று ஒரே கதை. பின்னால் சனம் ஏச ஏச, நான் சுடச்சுடச் சிடியை ஜன்னலால் கூட்டாளியிடம் நீட்டினேன். நானா இரண்டு சாரம் விற்றும் போட்டார்.

இரண்டு கிழமை கழித்துக் கடைக்கு ஒரு டெலிபோன் கோல். கட்டாரில் இருந்து அக்காவின் கணவர்.

"தம்பி, ரூமில இருக்கிற எல்லாரும் பாத்தாச்சு. ஆனா ஒவ்வொரு தரமும் விழப்போறான் எண்டு நான் கையை நீட்டுறன்..."

போனை வைத்துவிட்டு நானாவிடம் போய்ச் சொன்னேன். துணி அளந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"அவன் இன்னும் என்ட போனிலதான் நடக்கிறான் எண்டு சொல்லு."

இப்போது கட்டாருக்கு என்ன, கனடாவுக்கே கண் மூடித் திறக்க முதல் வீடியோ போகிறது. என் போனில் புளூடூத் எப்போதும் மூடித்தான் கிடக்கும். தெரியாத இடத்தில் இருந்து எது வந்தாலும் திறக்காமலே மறுத்துவிடுகிறேன். வீட்டில் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இந்தக் காலத்துக்கு அதுதான் சரி.

ஆனாலும்... முன்பின் தெரியாத ஒரு பிள்ளையை உள்ளே விட்டு, மூன்று தரம் பார்த்து, அழிக்காமல் வைத்திருந்த மனுசனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் அந்தப் பிழையை விட்டேன்.

பிழை விடுவதற்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.